வாசல் வெளிச்சம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் ஜன்னலே இல்லாத குடியிருப்பு ஒன்று ஆய்வுக்கென்றே இருந்தது. உள்ளே தங்குபவருக்குச் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு. கடிகாரமும் செய்தித்தாளும் சூரியனும் மட்டும் கிடையாது. உயிரினங்களின் நாளோட்டத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர்களை அங்கே தனியாகத் தங்கவைத்துக் கவனித்தார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம், விழிப்பு வந்தால் எழலாம். வெளியே பொழுது விடிந்துவிட்டதா, அடைந்துவிட்டதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சூரியனைப் பார்க்காத மனித உடம்பு எந்தக் கணக்கில் நாளை நடத்துகிறது என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியோடு ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் 1960களில் யூர்கன் ஆஷோஃப், ரூட்கர் வேவர் இருவரும் நிலத்தடி அறை ஒன்றைக் கட்டினார்கள். ஆஷோஃப் தாமே இப்படியொரு தனியறையில் தங்கிப் பார்த்தார். பத்தாவது நாள் வெளியே வந்தவருக்கு ஒரே வியப்பு. அன்று அவர் தூங்கி எழுந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. உள்ளே இருந்தபோது அவருக்கு அது வழக்கமான காலையாகத்தான் பட்டிருக்கிறது. 1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையின் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி மேலே அழைத்துவந்தபோது, அவருடைய கணக்கில் அது ஆகஸ்ட் 20. ஏறக்குறைய மூன்றரை வாரம் அவருக்குத் தெரியாமலே கழிந்திருந்தது.

சூரியனைப் பார்க்காமல் விடப்பட்டாலும் உடம்பு தாறுமாறாகிவிடுவதில்லை. தூக்கமும் விழிப்பும் மாறிமாறி ஒழுங்காகவே வந்தன. ஆனால் ஒவ்வொரு சுற்றும் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீண்டது. ஆண்டெக்ஸில் அது சுமார் 25 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். அங்கே தங்கியவர்கள் இஷ்டப்படி விளக்கைப் போட்டு அணைத்ததால் அந்தக் கணக்கு சற்றுக் கூடிவிட்டது. 1999இல் ஹார்வர்டின் சார்லஸ் ஸைஸ்லர் குழு மங்கலான ஒளியில் கவனமாக அளந்தபோது கிடைத்த சராசரி, 24 மணி 11 நிமிடம். பழைய வீடுகளில் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் இருக்கும். நாளுக்குச் சில நிமிடம் பின்தங்கும். தாத்தா தினமும் வானொலிச் செய்தி நேரத்தைக் கேட்டு முள்ளைத் திருத்தி வைப்பார். நம் உடம்புக்குள் இருப்பதும் அப்படிப்பட்ட கடிகாரம்தான், அதைத் தினமும் திருத்தும் வேலை காலை வெளிச்சத்துடையது. எளிமையான, நீடித்து நிற்கும் காலைப் பழக்கம் வேண்டும் என்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டே என்பது என் உறுதியான கருத்து: எழுகிற நேரம் மாறாதிருப்பது, எழுந்ததும் திறந்த வானத்தின் கீழ் சிறிது நேரம் நிற்பது. தியானம், ஓட்டம், வெந்நீர், நாட்குறிப்பு எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

கண்ணிலிருந்து கிளம்பும் பார்வை நரம்புகள் மூளைக்குள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சிறிய முடிச்சு ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுவே என்பதை 1972இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. ஒளி அதை எப்படி எட்டுகிறது என்பதுதான் நெடுங்காலம் புரியாமல் இருந்தது. 1995இல் ஸைஸ்லர் குழு பார்வையற்றவர்கள் சிலரைச் சோதித்தது. வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாட்டைக்கூட உணராத அவர்களில் சிலருக்கு, கண்ணில் பிரகாசமான ஒளி பட்டதும் இரவுச் சுரப்பான மெலடோனின் குறைந்தது. பார்க்க முடியாத கண் ஒளியை அறிந்திருக்கிறது! 1998இல் இக்னாசியோ புரோவென்சியோ தவளையின் தோலில் ஒளியை உணரும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து மெலனாப்சின் என்று பெயரிட்டார். அதே புரதம் விழித்திரையின் ஒருசில நரம்பணுக்களிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. அந்த அணுக்கள் தாமாகவே ஒளியை உணர்வதை 2002இல் டேவிட் பெர்சன் காட்டினார். உருவத்தைப் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலையில்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பொறுமையாக அளந்து தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் பணி. நீல நிறத்துக்கு அவை கூடுதலாகக் கூர்மை கொண்டவை. ஒரு கணப் பளிச்சிடலைவிடத் தொடர்ந்து விழும் ஒளியையே அவை நன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

இந்த அணுக்களின் கணக்கில் நம் வீடுகள் பெரும்பாலும் இருண்டவை. ஒளியின் அளவை லக்ஸ் என்று சொல்கிறோம். குழல்விளக்கு எரியும் சாதாரண வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். வெளியே மேகம் மூடிய நாளில்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். அறையிலிருந்து வெளியே போகிறவரின் கண் நொடியில் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் பத்து மடங்கா நூறு மடங்கா என்று நமக்கு உறைப்பதில்லை. திரைச்சீலை போட்ட அடுக்ககத்தில் எழுந்து, விளக்கொளியில் குளித்துக் கிளம்பி, கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டிய பேருந்திலோ காரிலோ ஏறி, அலுவலகத்துக்குள் நுழைகிறவரின் உடம்புக்கு, பொழுது விடிந்த செய்தி அரைகுறையாகவே போய்ச் சேர்கிறது. பகலில் கண்ணை எட்டும் ஒளி, மெலனாப்சினின் கூருணர்வை வைத்துக் கணக்கிட்டால், குறைந்தது 250 லக்ஸ் இருக்க வேண்டும் என்று 2022இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று பரிந்துரைத்தது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பலருக்கு அதுவே எட்டுவதில்லை. வாசலில் வந்து நின்றால் எளிதாகத் தாண்டிவிடும்.

நம் ஊரில் இது கடினமான காரியம் இல்லை. ஹெல்சின்கியில் டிசம்பரில் சூரியன் எழ ஒன்பது மணிக்கு மேலாகிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறரை சொச்சத்துக்கும் நடுவில் விடிந்துவிடுகிறது. விடிந்த அரை மணிக்குள் மொட்டை மாடியில் வேண்டிய வெளிச்சம் வந்துவிடும். வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்தும் குந்தியும் கோலம் போடும் பழக்கத்தில் ஒளியும் உடலசைவும் தாமாகவே சேர்ந்து வந்தன. ஆவின் பூத்துக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வருவதிலும் அப்படியே. எவ்வளவு நேரம் என்று கேட்டால், தெளிந்த வானமென்றால் கால் மணி நேரம், மேகமூட்டமென்றால் அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, அது விழித்திரையைச் சுட்டுவிடும். வானம் பார்வையில் இருந்தாலே போதும். ஜன்னலோரம் உட்காருவது ஒன்றுமில்லாததைவிட மேல்தான், ஆனால் ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நகர்ந்தாலே ஒளி வேகமாகக் குறைந்துவிடுகிறது. இதோடு ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியிருக்கிறது. இளங்காலை வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குத் தேவையான புற ஊதா பி கதிர், சூரியன் சாய்வாக இருக்கும்போது வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுகிறது. வைட்டமின் டி நண்பகலை ஒட்டிய வெயிலின் கொடை. காலை வெளிச்சம் கடிகாரத்துக்கானது.

ஒளி எப்போது படுகிறது என்பதும் முக்கியம். காலையில் பட்டால் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, அதாவது அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வருகிறது. இரவில் பட்டால் பின்னே இழுக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. எட்டுப் பேரை ராக்கி மலையில் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். கைவிளக்கும் இல்லை, கைப்பேசியும் இல்லை. சூரியனும் இரவில் மூட்டிய தீயும் மட்டும். வீட்டில் நள்ளிரவைத் தாண்டித் தூங்கிப் பழகியவர்களுக்கு மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. யாரும் அவர்களைச் சீக்கிரம் தூங்கச் சொல்லிக் கண்டிக்கவில்லை. ஆகவே, காலையில் எழ முடியவில்லை என்பவர் சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் முந்தைய இரவைத்தான். இரவு ஒன்பதுக்கு மேல் கூடத்தின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் நிறச் சிறுவிளக்கைப் போடுவது, கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுவது, இரண்டுமே அலாரத்தைவிட நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன அதே பரிந்துரையில், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் ஒளி 10 லக்ஸுக்கு மிகாமல் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் இரவுச் சாப்பாடு சாப்பிடும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுகிறது.

எத்தனை மணிக்கு எழுவது என்ற விவாதத்தில் நிறையப் பேர் காலத்தை வீணாக்குகிறார்கள். நான்கரையா, ஐந்தா, ஆறா என்பதைவிட நேற்றும் இன்றும் நாளையும் அதே நேரமா என்பதே பெரிய கேள்வி. பிரிட்டனில் சுமார் 60,000 பேர் கையில் கட்டியிருந்த அசைவுமானிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. தூங்கி எழும் நேரம் நாளுக்கு நாள் எவ்வளவு மாறாமல் இருந்தது என்ற அளவு, தூக்கத்தின் மொத்த நேரத்தைவிடத் துல்லியமாக இறப்பு அபாயத்தைக் காட்டியது. ஒழுங்கற்ற தூக்கம்தான் இறப்புக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நோயுள்ளவரின் தூக்கமும் ஒழுங்கு கெடும். ஆனாலும் இந்தத் தொடர்பை அலட்சியப்படுத்த முடியாது. வாரநாளில் ஆறு மணிக்கும் ஞாயிறன்று ஒன்பதரைக்கும் எழுகிறவர், ஒவ்வொரு வாரமும் மேற்கே மூன்றரை மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் பறந்து திரும்புகிறவரின் உடல்நிலையில் இருக்கிறார். இதைத்தான் மியூனிக்கின் டில் ரோன்னபெர்க் 2006இல் சமூகக் காலப்பிறழ்வு என்று விவரித்தார். திங்கட்கிழமைக் காலையின் சோர்வுக்கு வேலை மட்டும் காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போடாமல் எழுந்துவிட்டு, குறை தூக்கத்தைப் பகலில் இருபது நிமிடக் கண்ணயர்வில் தீர்த்துக்கொள்வது எவ்வளவோ நல்லது.

கண் விழித்த முதல் அரை மணி நேரம் எதையும் தீர்மானிக்க ஏற்றதல்ல. மூளை முழுதாக விழித்துக்கொள்ளக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகிறது. அதே நேரத்தில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு ஏறத் தொடங்கி, விழித்து 30 முதல் 45 நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. கார்ட்டிசோல் என்றாலே மன அழுத்தத்தின் விஷம் என்பதுபோல் எழுதுகிறார்கள். காலையில் அது ஏறுவது உடம்பை எழுப்பிவிடும் இயல்பான ஏற்பாடு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரத்த அழுத்தமும் இந்த நேரத்தில் உயர்கிறது. மாரடைப்புகள் காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் கூடுதலாக வருவதை 1985இலேயே அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் மல்லர் குழு காட்டியிருக்கிறது. இதற்காக நடைப்பயிற்சியை யாரும் கைவிட வேண்டியதில்லை. அறுபதைத் தாண்டியவர்களும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றி விழுவது தவிரும். நடையையும் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினால் போதும். அழுத்த மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா என்ற குழப்பத்துக்கு, பிரிட்டனில் 21,000 பேரிடம் ஐந்தாண்டுக்கும் மேல் நடந்த ஆய்வு 2022இல் விடை சொன்னது. மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மறக்காமல் போட எந்த நேரம் வசதியோ அதுவே சரியான நேரம். பலருக்கு அது பல் துலக்கி முடித்த கையோடு.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் தமிழனின் காலையைப் பேச முடியாது. எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும் என்று சமூக ஊடகங்களில் ஓர் அறிவுரை சுற்றுகிறது. அதற்கு வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதென்றால் நிம்மதியாகக் குடிக்கலாம், முடிந்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது மாலைக் காப்பியைத்தான். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி பதினொரு மணிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். தேநீரிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால்கள் தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்குமேல். காலைப் பலகாரத்தோடு டீயைச் சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் அந்தத் தடை குறைகிறது. காசு செலவில்லாத மாற்றம் இது.

அடுத்து, பழக்கம் எப்படிப் படிகிறது என்பது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூல். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்பது அவர் கவனித்தது. ‘குறைந்தது’ என்பது காலப்போக்கில் காணாமல் போனது. லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார். சாப்பாட்டோடு ஒரு பழம், பகலுணவோடு ஒரு டம்ளர் தண்ணீர், இரவுணவுக்கு முன் கால் மணி ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கம். யோசிக்காமலே செய்யும் நிலையை எட்ட 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நீண்ட காலம் பிடித்தது. எனக்கு மிகவும் ஆறுதலாகப் படுவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் தவறியதும் “எல்லாம் போச்சு” என்று கைவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காலைக்கென்று ஒரு சாதகமும் இருக்கிறது. பிரான்சில் 48 மாணவர்களுக்கு இடுப்புத் தசையை நீட்டும் ஓர் எளிய பயிற்சியைக் கொடுத்தார்கள். பாதிப்பேர் எழுந்ததும் செய்தார்கள், பாதிப்பேர் படுப்பதற்கு முன். 2017இல் வந்த முடிவின்படி, காலையில் செய்தவர்களுக்குப் பழக்கம் சுமார் 106 நாளிலும் இரவில் செய்தவர்களுக்கு 154 நாளிலும் படியும் என்று கணக்கிடப்பட்டது. காலையில் கார்ட்டிசோல் கூடுதலாக இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. காலை வேளையில் குறுக்கீடுகள் குறைவு என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். புதிய செயலை ஏற்கெனவே நடக்கும் ஒன்றின் வாலில் கட்டிவிடுவதே பயனுள்ள வழி. பல் துலக்கியதும் மாடிக்கு ஏறுவேன். பாலை அடுப்பில் வைத்ததும் தோளையும் கழுத்தையும் சுழற்றுவேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழுவேன். இப்படி இடமும் வேளையும் சொல்லித் திட்டமிடுகிறவர்கள், ‘இனி உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முதல் இரண்டு மாதத்துக்கு எழும் நேரத்தையும் வெளிச்சத்தையும் தவிர வேறொன்றும் சேர்க்காதீர்கள் என்பேன். அவை தாமாக நடக்கத் தொடங்கிய பிறகு மூன்றாவது செயலுக்கு இடம் தானே கிடைக்கும்.

எல்லோருடைய கடிகாரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையாளா இரவாளா என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு. சுமார் ஏழு லட்சம் பேரின் தரவை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, மரபணுத்தொகையில் 351 இடங்கள் இதோடு தொடர்புள்ளவை என்றது. வயதும் மாற்றுகிறது. பருவமடையும் வயதிலிருந்து கடிகாரம் பின்னே நகர்ந்துகொண்டே போய், இருபது வயதையொட்டி உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லத் திரும்புகிறது. பதினாறு வயதுப் பையன் பதினொரு மணிவரை தூக்கம் வராமல் புரள்வதும் காலையில் எழ மறுப்பதும் சோம்பேறித்தனம் என்று ஏசப்படுகின்றன. அவனை எழுப்பும் நேரம் அவன் உடம்பின் கணக்கில் இன்னும் நடுராத்திரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றது. கலிபோர்னியா 2022 முதல் அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் ஐந்து மணிக்கு டியூஷன். படித்ததை மூளை பதிவுசெய்து அடுக்கிவைக்கும் தூக்கத்தைப் பறித்துவிட்டு, படிப்பு ஏறவில்லையே என்று கவலைப்படுகிறோம். இதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். பிள்ளைகள் பலவந்தமாக எழுப்பப்படும் வீட்டில் காலைநலம் என்று எதைச் சொல்வது?

சந்திரசேகரனும் அவரது மாணவர்களும் செய்த இன்னொரு ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மதுரைக்கு அருகே நிரந்தர இருட்டான குகையில் வாழும் பூச்சியுண்ணி வௌவால்களை அவர்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். கூண்டில் அடைத்துக் குகைக்குள் வைத்த வௌவால், அந்தியில் வெளியே பறந்து விடியலில் திரும்பும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தைக் கொண்டே 24 மணி நேர ஒழுங்கில் இருந்தது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக விட்டபோது அதன் நாள் நகர்ந்துகொண்டே போனது. மனிதருக்கு ஒளியே முதல் குறிப்பு என்றாலும், ஒரு வீட்டில் யார் எப்போது எழுகிறார், எப்போது அடுப்பு மூட்டப்படுகிறது என்பது மற்ற எல்லோருடைய காலையையும் வகுத்துவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த முதல் ஆள் பெண். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். லாரித் தண்ணீர் பிடித்து, மூன்று பேருக்கு மூன்று விதமாக டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைக்குத் தலைவாரி, ஏழரைக்கு வேனில் ஏற்றிவிடும் தாயிடம் “காலையில் உனக்கென்று அரை மணி ஒதுக்கு” என்று சொல்வது நியாயமாகாது. அந்த அரை மணியை வீட்டில் வேறொருவர் கொடுக்க வேண்டும். சாப்பாடு கட்டுவதை அப்பா ஏற்கட்டும், தண்ணீர் பிடிப்பதை வளர்ந்த பிள்ளை ஏற்கட்டும். காய் நறுக்கும் வேலையையாவது அடுக்களையின் இருட்டிலிருந்து முற்றத்துக்கோ பால்கனிக்கோ மாற்றலாம். கை வேலையைப் பார்க்க, கண் வெளிச்சத்தைப் பெறும். ஒருத்தியின் உறக்கத்தை எடுத்து மற்றவர்களின் நலத்தை நடத்தும் ஒழுங்கு, எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும், நீடிக்கத் தகுந்ததல்ல.

இரவுப்பணி பார்க்கும் செவிலியர், காவலர், ஐ.டி. ஊழியர், ஆலைத் தொழிலாளி ஆகியோருக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இல் இரவுப்பணியை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்’ என்ற வகையில் சேர்த்தது. 2019இல் மறுபரிசீலனை செய்தபோதும் அதையே உறுதிப்படுத்தியது. இவர்களின் காலை, பணி முடிந்து தூங்கி எழும் பிற்பகலில் வருகிறது. வெளிச்சத்தைத் தேட வேண்டியதும் அப்போதுதான். விடியற்காலையில் வீடு திரும்பும்போது வெயிலைத் தவிர்க்கக் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, அறையை நன்றாக இருட்டாக்கித் தூங்குவது உதவும். பணிநாள், விடுமுறை நாள் இரண்டுக்கும் பொதுவாக மூன்று நான்கு மணி நேரத் தூக்கமாவது ஒரே வேளையில் அமையும்படி பார்த்துக்கொண்டால் கடிகாரத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். வாரத்துக்கு வாரம் ஷிப்டை மாற்றிப் போடும் நிர்வாகங்கள் சுழற்சியைப் பகல், மாலை, இரவு என்ற திசையில் அமைத்தால் உடம்பு எளிதாக ஈடுகொடுக்கும். 24 மணி நேரத்தைத் தாண்டிப் போக விரும்பும் கடிகாரத்துக்குத் தள்ளிப்போவது இயல்பு, முன்னே வருவதுதான் சிரமம்.

இரண்டு மாதம் ஒரே நேரத்தில் எழுந்தும், வெளிச்சத்தில் நின்றும், போதிய நேரம் தூங்கியும், பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்கள் என்றால் அது பழக்கத்தால் தீரும் பிரச்சினையாக இருக்காது. உரக்கக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பவருக்கு உறக்கத்தில் மூச்சுத்தடை நோய் இருக்கக்கூடும். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்புத் தட்டி, மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கழிகிறதென்றால் அது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதிகாலையில் எழும் நல்ல பழக்கம் என்று அதைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு ஆகியவற்றுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். மருத்துவரிடம் போகும்முன் இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்தது, பகலில் தூங்கியது, காப்பி குடித்த வேளை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகள் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் இருக்கும்.